ஹெட்டி டங்கர்லியின் திங்கட்கிழமைகள்

ஹெட்டி டங்கர்லி துவைக்காத, பெருக்காத, அழுக்கிலேயே பிள்ளை வளர்த்த பெண் என்று லண்டனிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்று படத்தோடு எழுதியது. எழுதியவனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் பின்சந்தில் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க எனக்குக் கை பரபரத்ததுண்டு. ஆனால் கேட்க முடியாது. அவனிடம் அப்படிச் சொன்னதே நாங்கள்தான், ஹெட்டியும் நானும்.

நான் ஐவி ஷாராக். வட இங்கிலாந்தில் ஓல்டம் ஊர், பாபின் தெரு. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கெட்டில் கூவினால் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ஃபிராங்க் கோப்பையைத் தேடுவார். அவ்வளவு நெருக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். சிநேகிதிகளா என்று கேட்டால், ஆமாம். திங்கட்கிழமை தவிர.

திங்கட்கிழமை சலவை நாள். அன்றைக்குப் பின்சந்தில் கரிவண்டி வராது, பால்வண்டி வராது. வந்தால் நுழைய முடியாது. சந்தின் குறுக்கே வீட்டுக்கு வீடு கயிறு கட்டி, அத்தனை பேர் படுக்கை விரிப்பும் தலைக்கு மேலே தொங்கும். யார் வீட்டு விரிப்பு எவ்வளவு வெளுப்பு என்று எல்லோரும் பார்ப்போம், பார்க்காத மாதிரி. மதியச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சின ஆட்டுக்கறிதான், ஆறினபடியே, காடியில் ஊறவைத்த முட்டைக்கோசோடு. யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். செத்துப்போவதாக இருந்தால்கூட எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை வரை பொறுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கொடிகளில் ஹெட்டியின் கொடிக்கு ஒரு தனிக் கதை உண்டு. அவள் கணவர் வால்ட்டர் கரி மூட்டை சுமப்பவர். காலையில் வெள்ளைக்காரனாகப் போய்ச் சாயங்காலம் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற ஆளாகத் திரும்பி வருவார். ஹெட்டி கல்யாணமாகி வந்த வாரம் தெரு அவளுக்குச் சொன்ன வரவேற்பு வார்த்தை இதுதான்: "கரிக்காரன் பொண்டாட்டிக்கு வெள்ளைத் துணி எதுக்கு?" அவள் பதில் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை கொடியில் விரிப்பைப் போட்டாள். பார்க்கக் கண் கூசியது. அன்றிலிருந்து அவள் அந்த ஒரே பதிலைத்தான் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் விடாமல் போட்டி போட்டேன். கொதிநீர், சோடா உப்பு, நீலம், கஞ்சி என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். என் விரிப்பு அவள் விரிப்புக்குப் பக்கத்தில் தொங்கும்போது எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எரிந்தது எரிந்ததுதான்.

வால்ட்டர் நெஞ்சில் சளி கட்டி, மகன் ட்ரெவருக்குப் பத்து வயதாகும்போது போய்விட்டார். ஹெட்டி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போனாள். ட்ரெவர் பள்ளிக்கூடம் போகும்போது காலர் கத்தி மாதிரி நிற்கும். "அப்பா இல்லாத பிள்ளைன்னு எவளும் உச்சுக்கொட்டக் கூடாது" என்பாள்.

ட்ரெவருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. காலையில் ரொட்டி வண்டி ஓட்டுவான், மாலையில் இன்னும் மூன்று பேரோடு ஹெட்டியின் முன்னறையில் கிதாரும் மேளமுமாக ரகளை. ஒற்றைச் செங்கல் சுவர் என்று சொன்னேனே. ஃபிராங்க் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'தி ப்ரோகேட்ஸ்', அதாவது சரிகைப்பட்டு. நாலு பேருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சூட்டு, போ டை, வழித்துச் சீவிய எண்ணெய்த் தலை. மேடையில் பாட்டு முடிந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து வணங்குவார்கள். அந்தக் குனிதலை ஹெட்டிதான் அடுப்படியில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அவர்களை எடுத்துக்கொண்டபோது தெருவே தலைகால் புரியாமல் குதித்தது. முதல் சிங்கிள் வெளிவந்தது. நிலாவைப் பற்றி ஒரு பாட்டு, தட்டைத் திருப்பினால் நிலா போன பிறகு ஒரு பாட்டு. பாபின் தெருவில் அமோக விற்பனை. பாபின் தெருவைத் தாண்டி யாரும் வாங்கியதாகத் தகவல் இல்லை. இரண்டாவது சிங்கிளில் ஒரு பெண்ணின் கண்ணைப் பற்றிப் பாடினார்கள். அது முதலாவதைவிட மோசம், ஏனென்றால் இந்தத் தடவை பாபின் தெருவும் உஷாராகிவிட்டது. மூன்றாவதும் விழுந்தால் ஒப்பந்தம் முடிந்தது, நீங்கள் ஊருக்குப் போகலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ட்ரெவரின் ரொட்டி வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். பையன் வற்றிப்போனான். ஹெட்டி என்னிடம் வந்து சொன்னாள்: "அவன் ராத்திரியெல்லாம் சுவத்தப் பாத்துட்டே படுத்திருக்கான் ஐவி. வால்ட்டர் கடைசியில அப்படித்தான் படுத்திருந்தாரு."

அப்போதுதான் ஜூலியன் ஃபேன்ஷா வந்தான். புது மேனேஜர். இருபத்திரண்டு வயதிருக்கும், மழை நாளில் கறுப்புக் கண்ணாடி. ஹெட்டியின் அடுப்படியில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன், எங்கே போவேன்?

"மிசஸ் டங்கர்லி, உங்க பையன் ரொம்பச் சுத்தமா இருக்கான். அதுதான் பிரச்சினை."

"என்ன தம்பி சொல்றே?"

"நாட்டுல சுத்தமான பையங்க லாரி லாரியா இருக்காங்க. எல்லாரும் சூட்டு, எல்லாரும் சிரிப்பு. எவன் எவன்னு அடையாளம் தெரியல. அம்மாமாருக்குப் பிடிச்ச பையங்க போதும். அம்மாமாருக்குப் பிடிக்காத பையங்கதான் இப்பப் பொண்ணுங்களுக்கு வேணும்."

"எந்த அம்மாவுக்குப் பிடிக்காத?"

"எல்லா அம்மாவுக்கும்."

"நானும் ஒரு அம்மாதானே தம்பி" என்றாள் ஹெட்டி. "இன்னொரு கேக் எடுத்துக்கோ."

முடி வெட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. குனிந்து வணங்கவே கூடாது. பேட்டி எடுக்க வருபவனிடம் மரியாதையில்லாமல் பேச வேண்டும். பெயரும் மாற்றியாயிற்று: 'தி டஸ்ட்மென்'. குப்பை அள்ளுகிறவர்கள்.

"எங்க தெருக் குப்பைக்காரர் ஆல்பர்ட் இருக்காரே, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டுதான் வேலைக்கே வருவாரு" என்றேன் நான்.

"அவரு பாட மாட்டாரு, இல்லையா?" என்றான் ஜூலியன். வாய்த்துடுக்குக்குக் குறைச்சலில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ட்ரெவர் மூலையில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ வேண்டாம்னா வேண்டாம்மா" என்றான். ஹெட்டி மேசைத் துணியின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். "உனக்கு இது வேணுமாடா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். "அப்ப முடிய வளத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலை எடுக்கப் போனாள்.

மூன்றாவது பாட்டைச் சுவர் வழியாக முதலில் கேட்டவர்கள் நாங்கள்தான். பீரோ மாடிப்படியில் உருண்ட மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் ட்ரெவர் தொண்டை கிழியக் கத்துகிறான். ஃபிராங்க் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "இது பரவாயில்லையே" என்றார். காலால் தாளம்கூடப் போட்டார். முப்பது வருஷத்தில் அவர் கால் அசைந்து நான் பார்த்ததில்லை.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிறு. மான்செஸ்டரில் பாடிவிட்டு நாலு பையன்களும் ஹெட்டி வீட்டு முன்னறையில் வந்து விழுந்து தூங்கினார்கள். இசைத்தட்டு அந்த வாரம்தான் கடைக்கு வருகிறது. புதன்கிழமை டெலிவிஷனில் பாட வேண்டும். அதற்கான உடுப்புகள் ஒரு பெட்டியில் இருந்தன. லண்டனில் யாரோ ஒரு பெண் அந்தச் சட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கிழித்து, பித்தானைப் பிய்த்து, கறை பூசி, கசக்கிக் கொடுத்திருந்தாள். அதற்குக் கூலி வேறு. ட்ரெவருடையது முன்பக்கம் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் ஊதாச் சட்டை. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும் என்று நாலு தடியன்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. ஹெட்டியின் வீட்டில் அழுக்குச் சட்டை இருக்கிறது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று பாபின் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பையன்கள் எழுந்திருக்கும் முன்பே அவள் நாலு சட்டையையும் அலசி, கறையை எடுத்து, கிழிசலைத் தைத்து, பித்தான் வைத்து, படுக்கை விரிப்புகளோடு கொடியில் ஏற்றிவிட்டாள். தைத்த இடம் எது என்று தேடினாலும் கிடைக்காது.

எனக்கு அன்றைக்கு அடுப்பு பற்றவில்லை. என் துணியெல்லாம் இன்னும் கொப்பரைக்குள்ளேயே கிடந்தது. அவமானத்தை மறைக்கச் சும்மா சந்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொடி காலி. அப்போது விரிப்புகளுக்கு அடியில் குனிந்து குனிந்து மூன்று பேர் வந்தார்கள்: ஜூலியன், கில்கிரிஸ்ட் என்று ஒரு நிருபர், ஒரு போட்டோக்காரர். இங்கிலாந்தின் மிக அழுக்கான பையன்களை அவர்கள் வளர்ந்த குப்பைமேட்டிலேயே பார்க்க வேண்டும் என்று நிருபர் கேட்டாராம். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறான் ஜூலியன். எங்கள் பக்கத்தில் பிறந்த ஒருவனாவது இப்படி ஒரு காரியம் செய்வானா?

நிருபர் நிமிர்ந்து ஹெட்டியின் கொடியைப் பார்த்தார். அவருக்கும் கண் கூசியிருக்க வேண்டும்.

"அடேயப்பா! யாரு வெளுத்தது இதை? எங்க வீட்டுல லாண்டரிக்குப் போட்டாக்கூட இப்படி வராது."

ஹெட்டி கையில் மரக் கிளிப்புகளோடு நின்றிருந்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யார் வாயிலிருந்தும் நேராகக் கேட்காத வார்த்தை. நான்கூட ஒருநாளும் சொன்னதில்லை. அவள் உதடு பிரிந்தது. அப்போதுதான் நிருபரின் தோளுக்குப் பின்னால் ஜூலியனைப் பார்த்தாள். அவன் அந்த ஊதாச் சட்டையைப் பார்த்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கண்ணைப் பார்த்தால் சின்னப் பையன், பயந்துபோன பையன். அடுப்படி வாசலில் ட்ரெவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்று, கொடியைப் பார்த்து அப்படியே உறைந்துவிட்டான்.

ஹெட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு எதுவும் விளங்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"இதெல்லாம் ஐவியோடது. வெளுக்கிறதுல அவ கெட்டிக்காரி."

கிளிப்புகளை என் கையில் திணித்தாள். 

"அப்போ உங்க துணி எங்க மேடம்?" என்றார் நிருபர்.

"என் துணியா? எதுக்குத் துவைக்கணும்? மறுபடியும் அழுக்காகத்தானே போகுது."

 வால்ட்டரின் ஹெட்டி, நடுச்சந்தில் நின்று, அத்தனை வீட்டு ஜன்னலும் கேட்க இதைச் சொல்கிறாள். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை, 'பேசுடி, பேசித் தொலை' என்றது. சரி, இறங்கினேன்.

"இவளா? இவ கடைசியாத் துவைச்சது கிறிஸ்துமஸுக்கு. இவ வீட்டுப் பூனை எங்க வீட்டுக்கு வந்துதான் முகம் கழுவும் சார்!"

"அப்படியா?"

"பின்னே? அந்தப் பையன் சின்னதுல காது கழுவி நான் பாத்ததே இல்ல. காதுல உருளைக்கிழங்கு நட்டா முளைச்சிருக்கும்."

நிருபர் மும்முரமாக எழுதிக்கொண்டார். பிறகு பேனாவால் சட்டையைக் காட்டினார். "இந்த ஊதாச் சட்டை? குஞ்சம் வச்சது?"

"எங்க வீட்டுக்காரரோடது" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கோடிக் கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு ஃபிராங்க் வந்தார். வழுக்கைத் தலை, பனியன், தொங்கும் தோள்வார், கக்கத்தில் குதிரைப் பந்தயப் பக்கம்.

"சார், இது உங்க சட்டையா?"

ஃபிராங்க் சட்டையைப் பார்த்தார். குஞ்சத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "சர்ச்சுக்குப் போடுறது."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு நான் ஒரு தடவையும் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு மட்டும் வருத்தப்படவில்லை.

போட்டோக்காரர் என்னைக் கொடிக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார். ஹெட்டியை அவள் வீட்டுக் கரித்தொட்டிப் பக்கம் தனியாக நிற்கவைத்து எடுத்தார். அவர்கள் போனதும் ஜூலியன் கொல்லைச் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். "புதன்கிழமைக்கு என்ன போடுறது? எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். சட்டைகள் காற்றில் பளபளவென்று ஆடின. ட்ரெவர், "நான் பண்றேன், நான் பண்றேன்" என்று சட்டையை எடுக்கப் போனான். ஹெட்டி அவன் கையைத் தள்ளிவிட்டாள். தானே அந்த ஊதாச் சட்டையை எடுத்து, வால்ட்டர் கட்டிய கரித்தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே போட்டு இரண்டு கையாலும் பிசைந்தாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. கன்னத்தில் வழிந்ததை முழங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் கரி.  எனக்கு அங்கே நிற்கவே மனசு வரவில்லை. அவளை விட்டுப் போகவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. ஒரு பக்கம் வெள்ளை விரிப்புகளின் நடுவில் நான், பக்கத்து வீட்டுச் சுத்தக்காரம்மா. மறுபக்கம் கரித்தொட்டி ஓரம் ஹெட்டி. அதற்கு மேல் எழுதியிருந்ததை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே, புதன்கிழமை டெலிவிஷனில் ட்ரெவர் கரிச்சட்டையோடு சிரிக்காமல் நின்று கத்தினான். நாட்டில் உள்ள அம்மாமாரெல்லாம் திட்டினார்கள். அந்த வாரமே பெண் பிள்ளைகள் கடைகளை மொய்த்தார்கள். இசைத்தட்டு ஏறிக்கொண்டே போய் நாலாம் இடத்தில் நின்றது. ஜூலியன் சொன்னது அப்படியே பலித்தது.

ஹெட்டி மாட்டிக்கொண்டாள். சந்தில் எந்நேரமும் யாராவது பெண் பிள்ளைகள், சுவரில் சாக்கட்டியால் பையன்களின் பெயர், எட்டிப் பார்க்கும் கேமராக்கள். கொடியில் வெள்ளை விரிப்பு போட முடியாது. தெருப் பெண்களெல்லாம் செய்கிறபடி வாசற்படியைத் தேய்த்து விளிம்பில் வெள்ளைக்கல்லால் கோடு இழுக்க முடியாது. ஊரிலேயே அவள் படி ஒன்றுதான் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்குள்ளே மட்டும் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அதைப் பார்க்கத்தான் யாரும் கிடையாது. சந்தைப்பேட்டையில் யாரோ ஒருத்தி இவளை அடையாளம் கண்டு, தன் கூடையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாளாம். வந்து என்னிடம் சொன்னாள். "கூடைய நகத்துறா ஐவி. என்னைப் பாத்து."

"நான் போய் அவ கூடையோட சேத்து அவளையும் நகத்திட்டு வரவா?"

"ட்ரெவருக்கு அடுத்த பாட்டு வரப்போவுது. விடு."

ஆக, திங்கட்கிழமைகள் இப்படி ஆயின: அவள் உள்ளே துவைத்துப் பிழிவாள், இருட்டு விலகும் முன் கொல்லைச் சுவர் மேல் கூடை வரும், அவள் துணியை என் கொடியில் நான் போடுவேன். ட்ரெவரின் சட்டையும் அதில் தொங்கும். பையன்களின் செருப்புத் தூசியைக்கூட எடுத்துப்போகிற பெண் பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள். ஃபிராங்கின் சட்டை யாருக்கு வேண்டும்?

மிகக் கஷ்டமான நாள் பெந்தெகொஸ்தே திருநாள் வாரத்தில் வந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஊரில் நடக்கும் சர்ச் ஊர்வலத்துக்கு ஞாயிறு பள்ளிச் சிறுமிகளின் வெள்ளைக் கவுன்களுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது எப்போதும் ஹெட்டிதான். அந்த வருஷம் ஊர்வலக் கமிட்டித் தலைவி மிசஸ் பில்லிங், கவுன் மூட்டையோடு ஹெட்டியின் வாசலைத் தாண்டி வந்து என் கதவைத் தட்டினாள். "பேப்பர்லயே வந்துடுச்சே ஐவி, இனிமே நீதான் செய்யணும்" என்றாள். அவள் போனதும் மூட்டையோடு கொல்லைப் பக்கம் போனேன். ஹெட்டி ஏற்கெனவே சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது, ஒற்றைச் செங்கல்தானே. மூட்டைக்குக் கை நீட்டினாள். ஊர்வலத்தில் சிறுமிகள் வாத்தியத்துக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நடந்துபோனார்கள். ஆளாளுக்கு என் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். ஹெட்டி கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கைதட்டினாள். 

ட்ரெவருக்கும் தெரியும். வரும்போதெல்லாம், "போதும்மா, உண்மையச் சொல்லிடலாம்" என்பான். "பாட்டு ஓடுற வரைக்கும் ஓடட்டும்டா" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள். பாட்டு மூன்று வருஷம் ஓடியது. பிறகு அவர்களைவிட அழுக்கான பையன்கள் வந்தார்கள், அழுக்குக்கும் போட்டிதானே. பையன்களுக்குள் சண்டை வந்தது, கல்யாணம் வந்தது, ஒரு சனிக்கிழமை ரேடியோவில் டஸ்ட்மென் கலைந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். ட்ரெவர் தன் பங்குப் பணத்தில் ஒரு சின்ன இசைக்கருவிக் கடை போடப்போவதாகச் சொன்னான். ரொட்டி வண்டியும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுப்பதும் இல்லை. ஹெட்டிக்கு அது போதும்.

எனக்குப் போதாது. திங்கட்கிழமை காலை கூடை வருவதற்கு முன்பே ஒரு கயிற்றை எடுத்துப்போய், துருப்பிடித்துக் கிடந்த அவள் கொக்கியில் கட்டினேன். கூடை வந்ததும் ஒவ்வொன்றாக அவள் கொடியில் ஏற்றினேன். பக்கத்தில் என் கொடியில் என் துணிகளை, என்னுடையதை மட்டும், போட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரண்டும் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில். என்னுடையது எப்படித் தெரிந்தது என்று நானே சொல்ல வேண்டுமா? சந்தில் எல்லாப் பெண்களும் வெளியே வந்துவிட்ட நேரம் பார்த்து நடுவில் போய் நின்றேன். ஹெட்டி கொல்லைக் கதவருகில், "உள்ள வாடி, என்ன பண்றே" என்று பதறினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று கத்தினேன். "அன்னைக்குப் பேப்பர்ல வந்த துணி அத்தனையும் ஹெட்டியோடது. ஒரு தலகாணி உறைகூட என்னோடது இல்ல. மூணு வருஷமா என் கொடியில தொங்கினதும் அவளோடது. ஊர்வலத்துக் கவுனும் அவளோடது. இவளவிடச் சுத்தக்காரி ஓல்டத்திலேயே கிடையாது. இப்ப யாராவது ஏதாவது சொல்லணும்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க!"

 யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. சற்று நேரத்தில் விரிப்புகளெல்லாம் குலுங்கும்படி மொத்தச் சந்தும் சிரித்தது.

"ஏண்டி ஐவி" என்றாள் மிசஸ் பில்லிங், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் வெளுப்பு எங்களுக்குத் தெரியாதா? இருபது வருஷமாப் பாக்குறோமே!"

"அப்போ அந்தக் கவுனையெல்லாம் எதுக்கு என்கிட்டக் கொண்டாந்து குடுத்தே?"

"உன்கிட்டக் குடுத்தா அவ கைக்குப் போகும்னுதான்! அவ வாசல்ல கேமராக்காரன் நின்னான், வேற எப்படிக் குடுக்கிறது? உன்னை நம்பியா அத்தனை கவுனையும் குடுப்பேன்? புள்ளைங்க தெருவுல நடக்க வேணாமா?"

அவமானத்தில் என் காது மடல் சுட்டது. ஆனால் திரும்பி ஹெட்டியைப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயர் போய்விட்டது என்று மூன்று வருஷமாகத் தலை குனிந்து நடந்தவள். அந்தப் பெயரை ஒரு நாள்கூட இந்தத் தெரு கீழே விடவில்லை. நிருபர்கள் எத்தனை பேர் வந்து கேட்டிருப்பார்கள், இவர்களில் ஒருத்தியாவது வாய் திறந்தாளா? ஹெட்டி ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மிசஸ் பில்லிங் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே அழுதாள்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, ஹெட்டி தன் கொடிக்குப் போனாள். நான் போட்டிருந்த கிளிப்புகளை எடுத்துவிட்டு விரிப்பைத் தன் முறைப்படி இழுத்து மறுபடி மாட்டினாள். பிறகு என் கொடிப் பக்கம் வந்து, என் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"நீலம் ஜாஸ்தியாப் போடுறே ஐவி" என்றாள். "வந்த நாள்லேருந்து சொல்லணும்னு நெனச்சுட்டே இருந்தேன்."